ஓசூரில் நிற்கும் ஒற்றை சர்வர்

“நாலு பேரு தூக்குத பாரத்த ஒருத்தன் தலையில வச்சா அவன் கழுத்து என்ன ஆகும்னு யோசிச்சீயளா அக்கா?”

“தினமுமா வைக்கப் போறோம்? என்னைக்காவது ஒரு நாள். அந்த ஒரு நாளுக்காக மூணு பேர வருசம் பூரா சும்மா உக்கார வைக்கச் சொல்லுதியா?”

“சும்மா உக்காருததுக்குப் பேருதான் ஸ்டாண்ட்பை.”

“அப்ப வெளிய உக்காந்திருக்காவள்லா, அவங்ககிட்ட நீயே போய்ச் சொல்லு. உங்களுக்கு இங்க இடம் இல்ல, ஓசூர்ல மூணு மெசினு சும்மா உக்காரணுமாம், அதான் உங்களச் சேக்க முடியலன்னு சொல்லு. போ.”

அறைக் கதவு பாதி திறந்திருந்தது. வெளியே கூடத்தில் காத்திருந்தவர்களுக்கு எல்லாம் கேட்டது. தூக்குச்சட்டியை மடியில் வைத்திருந்த ஒரு பெண் பக்கத்திலிருந்தவரிடம், என்ன சண்டை என்று விசாரித்தாள். அக்கா தம்பி தகராறு போலத் தெரிகிறது, வயதான அம்மாவை யார் வைத்துப் பார்ப்பது என்று அடித்துக்கொள்கிறார்கள் என்றார் அவர். அந்தப் பெண் உச்சுக் கொட்டினாள்.

அக்காவும் இல்லை, தம்பியும் இல்லை. ஜெனோவா அந்தக் கட்டடத்தில் இயங்கும் அறக்கட்டளையின் டேட்டாபேஸ் பிரிவுக்குத் தலைமை. இசக்கியப்பன் அவளுக்குக் கீழே ஓசூர் மாற்று மையத்தைப் பார்த்துக்கொள்பவன். ஒன்றாகப் பல வருடம் வேலை பார்த்ததில் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டான். ஓசூரில் நிற்க வேண்டியது நாலு சர்வர் சேர்ந்த கிளஸ்டரா, ஒற்றை சர்வரா என்பதுதான் சண்டை.

இந்தக் கதை நடக்கும் காலத்தில் மறதிக் காய்ச்சல் என்று ஒன்று வந்திருந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டுவிடும். அதன்பிறகு ஞாபகம் ஒவ்வொன்றாக அணைந்து போகும். அது அணைவதற்குள் மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் மூளையில் இருப்பதை அப்படியே பிரதி எடுத்து டேட்டாபேஸில் வைத்துவிட முடிந்தது. காதுக்குப் பின்னால் சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு கருவி. அந்த ஆள் எதையாவது நினைக்கும்போது கருவி சர்வரிடம் கேட்டு வாங்கித் தரும். செயற்கைக்கோள் வழியாகப் போவதால் எந்த ஊரிலிருந்தாலும் கிடைக்கும். பிரதியைப் படித்துப் பார்க்க யாராலும் முடியாது. அந்த ஆளின் மூளைக்கு மட்டும்தான் அது புரியும்.

தூத்துக்குடியில் இதை நடத்திய அறக்கட்டளை அறுநூறு பேரைத் தாங்கிக்கொண்டிருந்தது. இன்னும் இருநூறு பேருக்குப் பிரதி எடுத்து வைத்தாகிவிட்டது, ஆனால் ஓட்டுவதற்கு சர்வர் பலம் இல்லை. கூடத்தில் காத்திருந்தவர்கள் அவர்கள்தான். ஒவ்வொருவர் கையையும் ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்திருப்பது மகனா மனைவியா என்று பிடிக்கப்பட்டவருக்குத் தெரியாது.

தூத்துக்குடியில் இருந்தது கிளஸ்டர். நாலு சர்வர் ஒரே டேட்டாபேஸை ஒன்றாகச் சேர்ந்து சுமக்கும். ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் தாங்கிக்கொள்ளும். ஆனால் கட்டடத்துக்குள் தண்ணீர் வந்தால் நாலும் சேர்ந்தே போகும். அதற்காகத்தான் கடலுக்கு எட்டாத ஓசூரில் ஒரு மாற்று. இங்கே எழுதப்படுவது அந்தக் கணமே அங்கேயும் போய்ச் சேரும். வருவதை வாங்கி எழுதி வைப்பதற்கு ஒற்றை சர்வரே தாராளம். இங்கே எல்லாம் போய், அங்கிருந்து ஆட்களை ஓட்ட வேண்டிய நாள் வந்தால்தான் பிரச்சினை.

அறக்கட்டளைக் கூட்டத்தில் இருவரும் அவரவர் பக்கத்தைச் சொன்னார்கள். ஓசூரில் வைக்க நினைக்கும் கூடுதல் மூன்று சர்வரையும் தூத்துக்குடியிலேயே சேர்த்துவிட்டால் இருநூறு பேரையும் உடனே எடுத்துக்கொள்ளலாம் என்றாள் ஜெனோவா. வராத புயலுக்காக வந்து உட்கார்ந்திருப்பவர்களைத் திருப்பி அனுப்புவது நியாயமில்லை என்றாள். இசக்கியப்பன் வேறு எதுவும் சொல்லவில்லை, இது கடற்கரை ஊர் என்பதை மட்டும் ஞாபகப்படுத்தினான். தலைவர் ஒரு ஓய்வுபெற்ற டாக்டர். ஒத்திகை பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டார்.

ஒத்திகை பார்த்தார்கள். வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எப்போதும் அந்த நேரம்தான், ஏதாவது தடுமாறினாலும் யாருக்கும் பெரிதாகத் தெரியாது, புகார் வராது. டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள். தூத்துக்குடியை நிறுத்தி, அறுநூறு பேரையும் ஓசூர் ஒற்றை சர்வருக்கு மாற்றினார்கள். அது அலட்டிக்கொள்ளாமல் ஓடியது. பாரம் காட்டும் மீட்டர் பாதியைக்கூடத் தொடவில்லை. இசக்கியப்பன் தன் கையாலேயே அந்த அறிக்கையை எழுதினான். தூங்குகிறவர்கள் ரொம்ப ஞாபகப்படுத்திக்கொள்ள மாட்டார்கள் என்று வாய்வார்த்தையாக ஒரு தடவை சொன்னான். அப்படியே இரட்டிப்பானாலும் தாங்கும்தானே என்றாள் ஜெனோவா. அந்தக் கணக்கில் பிழையில்லை என்பதால் அவனும் விட்டுவிட்டான்.

மூன்று சர்வரும் தூத்துக்குடிக்கு வந்தன, இருநூறு பேரும் சேர்க்கப்பட்டார்கள். முதல் நாள் கூடத்தில் ஒரே சத்தம். ஒரு மனிதர் தன் மகனைப் பார்த்து, ஏன் இப்படி இளைத்துவிட்டாய் என்று திட்டினார். மகன் அழுதுகொண்டே திட்டு வாங்கினான். அவர் பெயர் ஆறுமுகநயினார், உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தவர். ஜெனோவா கதவருகே நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் வீட்டிலும் ஒருவருக்குக் காதுக்குப் பின்னால் கருவி உண்டு. கணவர் ரெமிஜியுஸ், துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவரும் படகில் எஞ்சின் டிரைவர். காய்ச்சலின் ஆரம்பத்திலேயே படுத்துவிட்டார். புத்தி பிசகிக் கிடந்த நேரத்தில் பிரதி எடுக்கச் சம்மதம் கொடுத்தது ஜெனோவா. இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் எடுக்க ஒன்றும் இருந்திருக்காது. தெளிந்து எழுந்தபிறகு, தன் ஞாபகம் முழுவதும் மனைவி வேலை பார்க்கும் கட்டடத்தில், மனைவி பராமரிக்கும் மெஷினில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவந்தது.

“என்னயக் கேக்காம என்னய எடுத்து உன் ஆபீஸ்ல வச்சுட்ட” என்றார்.

யாராலும் படிக்க முடியாது என்று அவள் சத்தியம் செய்தாள். தெரியும், விஷயம் அதுவல்ல என்றார். தன் நிலையில் அவர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்டாள். அதோடு பேச்சு நின்றது. நாலு வருடமாக நின்றிருந்தது.

கொடுமைக்காரர் இல்லை. அடுத்த வீட்டுக்காரரோடு பேசுவார், மீன்காரியிடம் வம்பளப்பார், மாமியாரிடம் போனில் அரைமணி நேரம் சிரிப்பார். ஜெனோவா சோறு வைத்தால் சாப்பிடுவார். அவளுக்குத் தலைவலி என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு மாத்திரையும் தண்ணீரும் மேசையில் வைத்துவிட்டுப் போவார். பேச மட்டும் மாட்டார். இந்தச் சங்கதி ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை.

ஐப்பசி கடைசியில் புயல் வந்தது. அன்று அலுவலகம் விடுமுறை. ஜெனோவா வீட்டில் இருந்தாள், இசக்கியப்பன் ஓசூரில் இருந்தான். முற்பகலில் தூத்துக்குடிக் கட்டடத்துக்குள் தண்ணீர் புகுந்து ஏழு சர்வரும் நின்றன. எண்ணூறு பேரும் தானாகவே ஓசூருக்கு மாறினார்கள். கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது.

அப்புறம் இசக்கியப்பன் கூப்பிட்டான். மீட்டர் உச்சியில் முட்டிக்கொண்டு நிற்கிறது என்றான். ஒத்திகையில் பாதிகூட வரவில்லையே என்றாள் அவள்.

“அன்னைக்கு எல்லாரும் கறிச்சோறு சாப்ட்டுட்டுத் தூங்குனாவ அக்கா. இன்னைக்கு ஒருத்தரும் தூங்கல. எல்லாருக்கும் பயம். பயந்த மனுசன் என்ன செய்வான்? போன வெள்ளத்துல தண்ணி எதுவர வந்துச்சு, அப்பா எப்படிச் செத்தாரு, நகைய எங்க வச்சோம், மக வீட்டுக்கு எந்த ரோட்டுல போவோம்னு ஒண்ணு விடாம எடுத்துப் பாப்பான். ஒரு ஆளு பத்து ஆளு வேலைய வாங்குதான்.”

அவளுக்குப் புரிந்தது. புயலன்று ஓட வேண்டிய மெஷினை, ஊரே உறங்கும் நேரம் பார்த்துச் சோதித்திருக்கிறார்கள்.

இப்படியே விட்டால் சர்வர் மொத்தமாகத் தொங்கிவிடும் என்றான். தொங்கினால் எண்ணூறு பேருக்கும் எல்லாமே போகும். பேச்சு வராது, பக்கத்தில் நிற்பது யாரென்று தெரியாது, வீட்டை விட்டு இறங்கி வெள்ளத்தில் நடந்துவிடுவார்கள். பாரத்தைக் குறைத்தே ஆக வேண்டும். கடைசியாகச் சேர்ந்த இருநூறு பேரை மட்டும் நிறுத்தலாமா என்று கேட்டான். கேட்கும்போதே அவன் குரலில் விருப்பமில்லை. ஆட்களை நிறுத்தக் கூடாது என்றாள்.

இன்னொரு வழி இருந்தது. ஒவ்வொருவர் ஞாபகமும் நாலு பகுதியாக ஓடியது. முகமும் உறவும் ஒன்று. பேச்சும் கைவேலையும் ஒன்று. அன்றன்றைக்குப் புதிதாகச் சேர்வது ஒன்று. நாலாவது, வாழ்க்கையில் நடந்தது எல்லாம். பாரத்தில் பாதிக்கு மேல் இந்த நாலாவதுதான். அதை நிறுத்திவிட்டால் மற்ற மூன்றையும் ஒற்றை சர்வர் தாங்கும். யார் யார் என்று தெரியும், பேச்சு வரும், இன்றிலிருந்து நடப்பது பதியும். நேற்று வரைக்கும் நடந்தது மட்டும் யாருக்கும் இருக்காது.

அப்படி நிறுத்துவதற்குப் பிரிவுத் தலைமை, அதாவது அவள், சொல்ல வேண்டும். ரெமிஜியுஸ் ஜன்னல் இடுக்கில் சாக்கைத் திணித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அதையும் தாண்டி ஒழுகியது. ஜெனோவா அவர் முதுகைப் பார்த்தபடி போனில், நிறுத்து என்றாள்.

அவர் கை ஒரு கணம் நின்றது. பிறகு திரும்பிப் பார்த்தார்.

“ஏளா, ஏன் மரம் மாரி நிக்க? இன்னொரு சாக்கு எடுத்துட்டு வா.”

அவள் எடுத்துக்கொண்டு போனாள்.

தண்ணீர் வடியும் வரைக்கும் இருவரும் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். அவர் ஓயாமல் பேசினார். பழசு எதுவும் இல்லாததால் கண்ணெதிரே இருப்பதைப் பற்றியே பேசினார். மழை, கேஸ் தீரப்போவது, ஈரத்தில் அவள் இருமுவது. ஏன் பாய் ரெண்டு அறையில் கிடக்கிறது என்று கேட்டார். அந்த அறை ஒழுகுகிறது என்று அவள் சமாளித்தாள். நான் உன்னை எப்படிக் கட்டினேன் என்று கேட்டார். அதைச் சொன்னாள். பெண் பார்க்க வந்த இடத்தில் எஞ்சின் கிரீஸ் நகத்தில் ஒட்டியிருந்ததையும், அவர் அதை மறைக்கக் கைகட்டி உட்கார்ந்திருந்ததையும், ரொம்ப மரியாதையான பையன் என்று அவள் அப்பா ஏமாந்துபோனதையும் சொன்னாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கருவாடு சுட்டுக் கஞ்சி குடித்தார்கள்.

மற்ற வீடுகளிலும் ஏறக்குறைய இப்படித்தான் என்று பின்னால் தெரியவந்தது. பங்காளிச் சண்டைக்காரர்கள் ஒரே மாடியில் ஒன்றாகச் சமைத்தார்கள். ஒரு பெண், தன்னை அடிக்கிற கணவனிடம் பயமில்லாமல் போய் உட்கார்ந்தாள். அதைப் பார்த்த அவள் அம்மாவுக்குத்தான் பயமாக இருந்தது.

ஆறுமுகநயினாருக்குத் தன் மனைவியின் முகம் தெரிந்தது. அவள் ரெண்டு வருடத்துக்கு முன் இறந்துபோனது, நிறுத்திவைத்த அந்த நாலாவது பகுதியில் இருந்தது. மழையில் அவள் எங்கே போனாள் என்று மகனைக் கேட்டார். மகன் உண்மையைச் சொன்னான். அவர் நம்பவில்லை. வெளியே விட்டால் அப்பா நனைந்துவிடுவார் என்று பயல் பொய் சொல்லுகிறான் என நினைத்துக்கொண்டார். மகன் அரிசி மூட்டையை மச்சில் ஏற்றிக்கொண்டிருந்த நேரம், குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். தண்ணீர் வடிந்த பிறகு உப்பளத்து வாய்க்காலில் கிடந்தார்.

சேர்க்காமல் விட்டிருந்தால் அவர் உயிரோடு, மகன் கையைப் பிடித்துக்கொண்டு, அது மகன் என்று தெரியாமல் கூடத்தில் உட்கார்ந்திருப்பார். இதை இசக்கியப்பன் சொன்னான். யாரையும் குற்றம் சொல்லும் தொனியில் இல்லை. ஜெனோவா கேட்டுக்கொண்டாள்.

கட்டடத்தைக் கழுவி, சர்வர்களைக் காயவைத்து, கெட்டதை மாற்றி, தூத்துக்குடி மறுபடி தயாரானது. ஒவ்வொருவருக்கும் நின்றுபோன பகுதியைத் திரும்ப ஏற்ற வேண்டும். பழசிலிருந்து தொடங்கி நடந்த வரிசைப்படி ஏறும். கடைசியாகப் புயல் நாட்கள் ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒன்றை மட்டும் உருவி எடுக்க முடியாது. ஆனால் எந்த நாளோடு வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்.

இசக்கியப்பன் ஓசூரிலிருந்து வந்திருந்தான். அறைக் கதவை இந்த முறை சாத்திக்கொண்டு பேசினான்.

“அக்கா, அத்தானுக்கு மட்டும் காய்ச்சல் வந்த நாள் வரைக்கும் ஏத்திட்டு நிறுத்திருதேன். கல்யாணம், அவிய அப்பா அம்மா, படகு எல்லாம் வந்துரும். அதுக்கு மேல உள்ள நாலு வருசம் அன்னைக்கு ஓசூர் சர்வர் திணறுனதுல கெட்டுப் போயிட்டுன்னு எழுதிக்கிடலாம். நெசமாவே நாலஞ்சு பேருக்குப் போயிருக்கு. ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டாவ.”

அவளுக்காக அவன் செய்யத் துணிந்த காரியம் அது, அவன் வேலையே போகலாம். அவள் நாளைக்குச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை ரெமிஜியுஸ் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிச் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜெனோவா எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கேட்காமல் சம்மதம் கொடுத்தது, அவர் சொன்ன வார்த்தை, அதன் பிறகு வந்த நாலு வருடம், ரெண்டு அறையில் ரெண்டு பாய், இசக்கியப்பன் செய்யத் தயாராக இருப்பது. முழுதாக ஏற்றலாம், அந்த நாள் வரைக்கும் ஏற்றலாம், இப்படியே விட்டுவிடவும் செய்யலாம் என்றாள்.

அவர் துணியைக் கீழே வைக்காமல் கேட்டார்.

“ஒரு வார்த்த கூடவா பேசல?”

“ஒரு வார்த்த கூட இல்ல.”

“எனக்கு இப்ப அந்தக் கோவம் வரலியே.”

“வராது. அது அங்க இருக்கு.”

கொஞ்ச நேரம் மோட்டாரையே துடைத்தார். பிறகு, அவளுக்கு எது வேண்டும் என்று கேட்டார். அவள் மறைக்கவில்லை. அந்த நாள் வரைக்கும் போதும் என்றாள்.

“அப்ப முழுசையும் போடு” என்றார். “மொதல்ல கேக்காம எடுத்த. இப்பக் கேட்டுக்கிட்டே வெட்டப் பாக்க. நாலு வருசம் பேசாம இருந்தவனும் நாந்தானே. அவன எவன் கேப்பான்?”

அன்று மத்தியானம் இசக்கியப்பன் முழுவதையும் ஏற்றினான். ரெமிஜியுஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. ஜெனோவாவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து போனார். சாயங்காலம் மேசையில் மாத்திரையும் தண்ணீரும் இருந்தன.

விசாரணை நடந்தது. ஒற்றை சர்வர் போதும் என்றது தன் முடிவு, ஒத்திகையை ஆட்கள் தூங்கும் நேரத்தில் வைத்ததும் தன் தவறு என்று ஜெனோவா சொன்னாள். ஓசூரிலும் நாலு சர்வர் கிளஸ்டர் வேண்டும், இனி ஒத்திகை வேலைநாளில், ஜனங்கள் பரபரப்பாக இருக்கும் காலை வேளையில் நடக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். ஒருவர் செத்த பிறகு பணம் கிடைப்பதில் சிரமம் இருக்கவில்லை. வேலையை விட்டுப் போகிறேன் என்றவளைத் தலைவர், இந்த அனுபவத்தோடு வேறு யார் இருக்கிறார்கள் என்று சொல்லித் தடுத்துவிட்டார்.

கிளஸ்டர் ஓசூருக்கு வந்து சேர்ந்தது. இனி எந்தப் புயலிலும் எவருக்கும் எதுவும் நிற்காது, ஒரு பகுதியை மட்டும் நிறுத்தும் வசதியையே அதில் வைக்கவில்லை. இசக்கியப்பன் அதைச் சொல்ல ஆபீஸுக்கு வந்திருந்த அன்று, ரெமிஜியுஸும் அங்கே வந்தார். அந்தக் கட்டடத்துக்குள் அவர் வருவது அதுதான் முதல் தடவை. கூடத்தில் எல்லாரோடும் உட்கார்ந்திருந்துவிட்டு, முறை வந்ததும் உள்ளே வந்தார். ஜெனோவா நாற்காலியில்தான் இருந்தாள். அவர் இசக்கியப்பனைப் பார்த்துத்தான் பேசினார்.

அந்தப் பழைய ஒற்றை சர்வரை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். கழித்துவிடப் போகிறோம் என்றான் அவன்.

“கழிக்காண்டாம் தம்பி. அது அங்கனயே நிக்கட்டும். மாசத்துல ஒரு நாள் என்னய மட்டும் அதுல ஓட்டுங்க. அன்னைக்குச் செஞ்ச மாரியே, நடந்தத நிறுத்திட்டு.”

இசக்கியப்பன் ஜெனோவாவைப் பார்த்தான். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முழுசா இருக்கையில பேச வரல. பேசிப் பாத்தேன், வாய் திறக்கல. அந்தப் புயல் நாளெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. அந்த ஆள எனக்குப் பிடிச்சிருந்துச்சு” என்றார். எழுந்து வாசல் வரைக்கும் போனவர் நின்று, “இவ கேட்டுருந்தா நான் சம்மதிச்சிருக்க மாட்டேன். இது நான் கேக்கது” என்று சேர்த்துக்கொண்டார்.

எப்படியோ விஷயம் வெளியே பரவியது. அடுத்த சில வாரத்தில் முப்பது பேருக்கு மேல் வந்து அதையே கேட்டார்கள். மாதத்தில் ஒரு நாள், அரை நாள், வருடத்தில் ஒரு பண்டிகைக்கு மட்டும். பங்காளிச் சண்டைக்காரர்களில் ஒருவர் வந்தார், மற்றவர் வரவில்லை. அடி வாங்குகிற அந்தப் பெண்ணும் வந்து கேட்டாள். அவள் பின்னாலேயே அவள் அம்மா வந்து, அவளுக்கு மட்டும் கொடுக்காதீர்கள் என்று கெஞ்சிவிட்டுப் போனாள்.

ஆறுமுகநயினாரின் மகனும் வந்தான். அவன் உட்காரவில்லை. “அந்த மெசின ஒடச்சுப் போடுங்க. எங்க அப்பாவக் கொன்ன மெசினு அது. அதுல ஏறி ஆளுக சந்தோசமா இருக்கணுமாக்கும்” என்றான். ஜெனோவா எழுந்து நின்று கேட்டுக்கொண்டாள்.

தலைவர் இதையும் அவளிடமே விட்டுவிட்டார். அதுதான் அவளுக்குச் சிக்கல். வேண்டாம் என்றால், கேட்டு வந்த முப்பது பேரையும் தன் வீட்டு விஷயத்துக்குப் பயந்து திருப்பி அனுப்பியதாக ஆகும். சரி என்றால், மாதம் ஒரு நாள் புருஷன் பேச வேண்டும் என்பதற்காக ஓர் உயிரைக் குடித்த மெஷினைக் காப்பாற்றி வைத்தாள் என்றாகும். இசக்கியப்பனைக் கேட்டாள். கிளஸ்டரா ஒற்றையா என்று கேட்டால் சொல்லத் தெரியும், இது தன் படிப்பில் இல்லை என்றுவிட்டான். ரெமிஜியுஸிடம் கேட்க வழியில்லை, அவர் பேசுவதில்லை.

சர்வர் ஓசூரில் அணைக்கப்பட்டு நிற்கிறது. மின்சாரம் கொடுத்தால் ஓடும்.

இதற்கு மேல் எனக்கும் எழுத வரவில்லை. அவள் இடத்தில் இருந்து ரெண்டு பக்கமும் யோசித்துப் பார்த்துவிட்டேன். எல்லாம் தெரிந்த ஒரு மனிதர், தானே கேட்டு, தன் வாழ்க்கையில் நடந்ததை ஒரு நாளைக்கு இறக்கி வைக்கலாமா? அப்படி இறக்கி வைத்துவிட்டுப் பேசுகிற பேச்சை ஜெனோவா உண்மை என்று எடுத்துக்கொள்ளலாமா? அந்த மகனுக்கு என்ன பதில் சொல்வது? படித்தவர்கள் விருப்பக்குறி போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். சர்வரை ஓடவிடுவீர்களா, கழித்துவிடுவீர்களா என்று கீழே எழுதுங்கள். ரெண்டு வரி போதும், ஆனால் ஏன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.